மூன்று இன்னிங்ஸும் முடியாத வழக்கும்

இந்தியாவின் மிக இளம் டெஸ்ட் வீரராக நுழைந்து, இருபது வயதில் டெஸ்ட் வாழ்க்கையை முடித்துக்கொண்டவர் எல்.சிவராமகிருஷ்ணன். கேரள எல்லையில் வாழும் தமிழ் ரசிகர்கள் அவரை இன்னும் மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. வரைபடத்தில் அது கேரளம். பேச்சிலும் பள்ளிக்கூடத்திலும் சினிமாக் கொட்டகையிலும் தமிழுக்கே அதிக இடம். சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. தென்னையும் கள்ளும் கடலையும் பிழைப்பு. பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீர் வருமா வராதா என்பது நிரந்தரக் கவலை. 1956 நவம்பர் 1ம் தேதி மொழிவாரி மாநிலமாகக் கேரளம் உருவானபோது இந்த ஊர்கள் அந்தப் பக்கம் நின்றன. ஓட்டு திருவனந்தபுரத்துக்கு; மனசு பெரும்பாலும் கோயமுத்தூருக்கும் சென்னைக்கும்.

கிரிக்கெட்டில் இந்த மனசு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட 2001 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொகாலியில் இங்கிலாந்துக்கு எதிராக டினு யோஹன்னான் பந்து வீச வந்தபோதுதான் அந்தக் கணக்கு தொடங்கியது. அதற்கு முன்னால் எண்பதுகளில், கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ தென்னை மட்டையைச் செதுக்கி பேட் செய்துகொண்ட பையனுக்கு 'நம்ம ஆள்' என்று சொல்லிக்கொள்ள இருந்தவர்கள் சென்னைக்காரர்கள்தான். அடிப்பவன் ஸ்ரீகாந்த். பந்தைச் சுழற்றுபவன் சிவா.

ஸ்ரீகாந்தைப் பற்றி இங்கே சண்டை கிடையாது. அவர் அடித்தால் கைதட்டினார்கள், அவுட்டானால் திட்டினார்கள், அன்றோடு கணக்குத் தீர்ந்தது. சிவா விஷயம் அப்படியில்லை. அன்று ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயரை எடுத்தால் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. கையில் கிடைத்த வரத்தைக் காப்பாற்றத் தெரியாத பையன் என்பது ஒரு கட்சி. வடக்கே இருந்தவர்கள் திட்டமிட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவில், எதையும் வாதிடாமல், மெல்போர்னில் ஜாவேத் மியாந்தாதை ஏமாற்றிய அந்த ஒரு பந்தை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் சிலரும் உண்டு.

முதல் இரண்டு கட்சிகளும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அது நாள்காட்டி.

பதினேழு வயதில் டெஸ்ட்

லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் 1965 டிசம்பர் 31ம் தேதி சென்னையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் 2 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்ததாக வந்த செய்திதான் அவரைப் பற்றிய முதல் பரபரப்பு. பதினைந்து வயதில், ரவி சாஸ்திரி தலைமையில் இலங்கை சென்ற இளைஞர் அணியில் இடம். பதினாறு வயதில் ரஞ்சிக் கோப்பை. முதல் ஆட்டமே கால் இறுதி, எதிரணி டெல்லி. இரண்டாவது இன்னிங்ஸில் 28 ரன் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

(அந்தக் காலத்துத் தமிழ்நாடு அணியில் இரண்டு சிவராமகிருஷ்ணன்கள் இருந்தார்கள். வி.சிவராமகிருஷ்ணன் இடது கை மட்டையாளர், எல்.சிவராமகிருஷ்ணன் பந்து வீச்சாளர். ஸ்கோரை அரைகுறையாகக் காதில் வாங்கியவர்கள் ஒருவரின் ரன்களை மற்றவர் கணக்கில் சேர்த்துக்கொண்டதும் உண்டு. 'எல்.' என்ற எழுத்துக்கு அப்போது பெரிய மதிப்பு.)

விரல்விட்டு எண்ணக்கூடிய முதல்தர ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் 1982-83ல் பாகிஸ்தான் பயணத்துக்கு அழைத்துப் போனார்கள். டெஸ்டில் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடுத்து வெஸ்ட் இண்டீஸ். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் களமிறங்கியபோது அவர் வயது 17 ஆண்டுகள் 118 நாட்கள். அதுவரை இந்தியாவுக்காக ஆடியவர்களிலேயே இளையவர். 1989ல் டெண்டுல்கர் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. ஆன்டிகுவாவில் விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. வெஸ்ட் இண்டீஸ் மட்டையாளர்களிடம் அந்த வயதில் அடி வாங்கியதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு 1984 குளிர்காலம். அக்டோபர் 31ம் தேதி இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டபோது இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்து இறங்கியிருந்தது. பயணம் நடக்குமா என்பதே சந்தேகமாகி, எப்படியோ நிலைமை சீரடைந்தது. முதல் டெஸ்டுக்கு முதல் நாள், நவம்பர் 27ம் தேதி, பம்பாயில் பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை வான்கடே மைதானத்தில் டாஸ் போட்டார்கள். கலவரமும் துக்கமும் தவிர வேறு செய்தியே இல்லாத ஒரு மாதத்துக்குப் பிறகு மக்கள் ரேடியோவைத் திருப்பியபோது, பத்தொன்பது வயதுகூட நிறையாத ஒரு சென்னைப் பையன் இங்கிலாந்து மட்டையாளர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பெயர் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு அந்த நேரமும் ஒரு காரணம்.

முதல் இன்னிங்ஸ்: 64 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 195. இரண்டாவது இன்னிங்ஸ்: 117 ரன்னுக்கு 6 விக்கெட். இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. அடுத்த டெஸ்ட் டெல்லியில். முதல் இன்னிங்ஸில் 99 ரன்னுக்கு மறுபடியும் 6. அடுத்தடுத்து மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு விக்கெட்.

அவர் வீசியது லெக் ஸ்பின். விரலால் சுழற்றுவதைவிடக் கடினமான கலை. மணிக்கட்டைத் திருப்பி, தோளைச் சுழற்றி, முன்னங்காலை ஊன்றி, எல்லாம் ஒரே கணத்தில் கூடி வந்தால்தான் பந்து சொன்ன இடத்தில் விழும். ஒன்று பிசகினாலும் புல்டாஸ் ஆகும், அல்லது பாதி வழியில் குத்திப் பவுண்டரிக்குப் போகும். ஒல்லியான அந்தப் பையன் பந்தைக் காற்றில் மிதக்கவிட்டான். கண்ணுக்கு எதிரே தொங்கி, எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே விழும். அதே கைவீச்சில் எதிர்த்திசையில் திரும்பும் கூக்ளியும் வரும். இங்கிலாந்துக்காரர்கள் கையைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

அதே தொடரில் எதிரணியில் இருந்த இடது கை சுழல் வீச்சாளர் பில் எட்மண்ட்ஸ், ஓடி வந்து வீசும் முறையே குழம்பிப்போய், கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்தே பந்து வீசிக்கொண்டிருந்தார். அனுபவம் உள்ள ஒருவருக்குக்கூடத் திடீரென்று ஓடத் தெரியாமல் போகும் என்பதை அன்று சிவாவின் ரசிகர்கள் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள்.

நாள்காட்டி சொல்வது

இப்போது கணக்குக்கு வருவோம். சிவராமகிருஷ்ணன் ஆடிய மொத்த டெஸ்ட் ஒன்பது. எடுத்த விக்கெட் 26. அதில் 18 அந்த மூன்று இன்னிங்ஸில் வந்தவை. ஐந்து டெஸ்ட் கொண்ட இங்கிலாந்துத் தொடர் முழுவதிலும் அவர் எடுத்தது 23. அதாவது டெல்லி முதல் இன்னிங்ஸுக்குப் பிறகு, தொடரின் மிச்ச ஆட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஐந்தே விக்கெட். அதன் பின் ஆடிய டெஸ்டுகளில் மூன்று.

கல்கத்தா டெஸ்ட் அவருடைய பத்தொன்பதாவது பிறந்த நாளில் தொடங்கியது. அங்கே அசாருதீன் என்ற இன்னொரு இளைஞர் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்து, அடுத்த இரண்டு டெஸ்டிலும் சதம் அடித்து, நாட்டின் கண்ணைத் தன் பக்கம் திருப்பினார். டெல்லித் தோல்விக்குப் பிறகு கபில் தேவ் அந்த டெஸ்டிலிருந்து நீக்கப்பட்டது வேறு பெரிய பரபரப்பு. சிவாவை யாரும் கவனிக்கவில்லை. அடுத்து 1985 ஜனவரியில் சேப்பாக்கம். சொந்த மைதானம், சொந்த ஜனம். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 652 எடுத்து டிக்ளேர் செய்தது. ஃபவுலர் 201, கேட்டிங் 207. ஒரே இன்னிங்ஸில் இரண்டு இங்கிலாந்து மட்டையாளர்கள் இரட்டைச் சதம் அடித்தது அதுவே முதல் முறை. பம்பாயில் சிவாவிடம் திணறியவர்கள், ஆறே வாரத்தில் அவரைப் படித்துவிட்டார்கள்.

ஆக, முதல் சரிவு தொடங்கியது சென்னையில். அதற்கும் முன்பேகூட இருக்கலாம். ஆனால் ரசிகர் மனத்தில் அது பதியவில்லை. ஏனென்றால் இரண்டே மாதத்தில் மெல்போர்ன் வந்துவிட்டது.

1985 பிப்ரவரி - மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஒருநாள் போட்டியில் கவாஸ்கரின் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டத்தில் எதிரே பாகிஸ்தான். மியாந்தாத் 48 ரன்னுடன் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சிவா ஒரு பந்தை வெளியே இழுத்துச் சுழலவிட்டார். மியாந்தாத் இறங்கி வந்தார், பந்து மட்டையைத் தாண்டியது, விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் பெயிலைத் தட்டினார். சிவாவுக்கு 35 ரன்னுக்கு 3 விக்கெட். பாகிஸ்தான் 176. ஸ்ரீகாந்தும் சாஸ்திரியும் அதை எளிதாக எடுத்து முடித்தார்கள். சில நாள் கழித்து ஷார்ஜாவில் 125 ரன்னுக்கு ஆட்டமிழந்தும், பாகிஸ்தானை 87க்குள் சுருட்டிய அதிசய ஆட்டத்திலும் சிவா இருந்தார்.

ஒருநாள் ஆட்டத்தில் மட்டையாளர் அடித்தே ஆகவேண்டும். தூண்டில் போடும் சுழல் வீச்சாளருக்கு அது சாதகம். டெஸ்டில் காத்திருக்கலாம், தடுக்கலாம், காலால் தள்ளலாம். இந்த வித்தியாசத்தை அன்று யாரும் யோசிக்கவில்லை. மெல்போர்ன் வெளிச்சத்தில் சேப்பாக்கம் மறைந்துபோனது.

அதனால்தான் இரண்டு கட்சிக்காரர்களும் வீழ்ச்சியைத் தாமதமாகத் தேதி போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய பிறகு பையன் கெட்டுப்போனான் என்கிறது முதல் கட்சி. பணம், புகழ், சகவாசம் என்று இழுத்து நிறுத்துவார்கள். ஆதாரம் கேட்டால் எல்லோருக்கும் தெரியுமே என்பதுதான் பதில். ஆதாரம் என்று எதையும் யாரும் காட்டியதில்லை. கவாஸ்கர் தலைமையை விட்டு விலகி கபில் வந்ததும் ஒதுக்கப்பட்டார் என்கிறது இரண்டாவது கட்சி. தலைமை மாறியது உண்மை. ஆனால் கபில் தலைமையில் 1985ல் இலங்கைக்கும், ஆண்டுக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கும் அவரை அழைத்துத்தான் போனார்கள். அங்கே பந்து விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. அந்த ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. அப்போதுதான் இருபது வயது நிறைந்திருந்தது.

1987 உலகக் கோப்பை அணியில் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. பழைய பந்து மட்டும் திரும்பி வரவில்லை. 16 ஒருநாள் ஆட்டங்களில் 15 விக்கெட்டுடன் அந்தக் கணக்கும் முடிந்தது.

பெயர் உள்ள நோய்

கையில் இருந்த வித்தை ஒருநாள் காணாமல் போவது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இதற்கு ஒரு பெயரே உண்டு.

பேஸ்பாலில் பிட்சர் என்பவர் நம் பந்து வீச்சாளர் மாதிரி. மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட கற்பனைக் கட்டத்துக்குள் பந்தை எறிய வேண்டும். நான்கு முறை வெளியே போனால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஸ்டீவ் பிளாஸ் 1971ல் உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களை, கடைசி ஆட்டம் உட்பட, தானே முழுக்க எறிந்து ஜெயித்துக் கொடுத்தவர். 1972ல் 19 வெற்றி. 1973ல் கட்டம் எங்கே இருக்கிறது என்பதே அவர் கைக்கு மறந்துவிட்டது. எண்பத்தெட்டே சொச்சம் இன்னிங்ஸில் 84 பேரை இலவசமாக நடக்கவிட்டார். காயம் இல்லை. பயிற்சியில் எறிந்தால் சரியாக விழும். ஆள் எதிரே நின்றால் விழாது. மருத்துவர், மனநல ஆலோசனை, தியானம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. 1975ல் ஆட்டத்தை விட்டார்.

2000ல் செயின்ட் லூயிஸ் அணியின் ரிக் அன்கீல் என்ற இருபத்தோரு வயது இளைஞர், முக்கியமான ஆட்டம் ஒன்றில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைப் பிடிப்பவருக்கு எட்டாத இடத்தில் எறிந்தார். அவர் சில ஆண்டு போராடிவிட்டு, எறிவதை விட்டு மட்டையைப் பிடித்து, 2007ல் அடித்து ஆடுபவராக மறுபடி மேலே வந்தார்.

அமெரிக்க ரசிகர்கள் இதை 'ஸ்டீவ் பிளாஸ் நோய்' என்கிறார்கள். கேலியும் உண்டு, பரிவும் உண்டு. ஒரு கோளாறுக்குப் பெயர் கிடைத்துவிட்டால் யார் மீது குற்றம் என்று தேடுவது பாதி நின்றுவிடும். பிளாஸ் அதே பிட்ஸ்பர்க்கில் பல்லாண்டு வர்ணனையாளராக இருந்து, தன் கதையைத் தானே சிரித்துக்கொண்டு சொன்னார். ஊரும் சேர்ந்து சிரித்தது. நமக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை. 'பையன் கெட்டுட்டான்' என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. கடன்பட்டவனுக்கும் காதலித்தவனுக்கும் பரீட்சையில் தோற்றவனுக்கும் கூக்ளி வராமல் போனவனுக்கும் அதே வாக்கியம்.

சிவாவின் கதை பிளாஸின் கதையேதான் என்று சொல்லிவிடவும் முடியாது. பிளாஸை மட்டையாளர்கள் படித்து வீழ்த்தவில்லை. அவர் கையே அவரை விட்டது. சிவா விஷயத்தில் முதலில் மட்டையாளர்கள் விடை கண்டுபிடித்தார்கள். பிறகுதான் கை தடுமாறியது. முதலாவது எந்த லெக் ஸ்பின்னருக்கும் நடப்பதுதான். அந்த இடத்தில் பக்கத்தில் நின்று மணிக்கட்டைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கூக்ளியை அதிகம் வீசினால் மணிக்கட்டு தாழ்ந்து, அடிப்படையான லெக் பிரேக்கே கைவிட்டுப் போகும் என்பது அந்தத் தொழிலில் பழைய பாடம். தன் கையைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது.

ஷேன் வார்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜனவரியில் சிட்னியில், நம் அணிக்கு எதிராக, 150 ரன் கொடுத்து ஒரே விக்கெட் எடுத்துத்தான் தொடங்கினார். நம்மவர்கள் அடித்த அடியில் அவர் கதை அன்றே முடிந்திருக்கலாம். அவருக்குப் பின்னால் டெர்ரி ஜென்னர் என்ற பழைய லெக் ஸ்பின்னர் இருந்தார். கோணம் தவறும்போதெல்லாம் வார்ன் அவரிடம் போனார். கடைசிக் கணக்கு 708 விக்கெட். சிவாவும் வார்னும் ஒரே தரம் என்று வாதிட வரவில்லை. ஒருவருக்கு ஓடிப்போகக் கதவு இருந்தது, மற்றவருக்கு இல்லை. பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி 2000ல்தான் வந்தது. சென்னையிலேயே 1987ல் டென்னிஸ் லில்லியைக் கொண்டுவந்து ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கினார்கள். அது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு. சுழற்பந்துதான் நமக்குப் பிறவியிலேயே வருமே, அதற்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்தப் பத்தாண்டில் இதே மாதிரி ஏறி இறங்கியவர்கள் இன்னும் இருந்தார்கள். மனிந்தர் சிங் பதினேழு வயதில் வந்து, 1987ல் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 27 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து, பிறகு தன் வீச்சை இழந்து 88 விக்கெட்டோடு போனார். நரேந்திர ஹிர்வானி 1988 ஜனவரியில் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார். அது நடந்த இடம் சேப்பாக்கம் என்பது சிவாவின் ரசிகர்களுக்குக் கூடுதல் வலி. ஹிர்வானியும் 66 விக்கெட்டில் நின்றுபோனார். மூவரும் வந்தது பதினேழு முதல் பத்தொன்பது வயதுக்குள். மூவரையும் தூக்கிப் பிடித்த வேகத்தில் கீழே வைத்துவிட்டு, 1990ல் கும்ப்ளே வந்ததும் நாடு பெருமூச்சு விட்டது.

சிவா உள்ளூர் ஆட்டத்தை விடவில்லை. 1954-55க்குப் பிறகு முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து 1987-88ல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது. வாசுதேவன் தலைமையிலான அந்த அணியில் அவரும் இருந்தார். பந்தைவிட மட்டை அதிகம் கைகொடுத்த பருவம் அது. அன்கீலைப் போல. அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. பதினேழு வயதில் பந்தால் வந்தவன் இருபத்திரண்டு வயதில் மட்டையால் பிழைத்தான் என்பது யாருக்கும் சுவாரசியமான செய்தியாக இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம்

கொழிஞ்சாம்பாறை மாதிரி ஊர்களில் இந்த வழக்குக்கு ஒரு கூடுதல் சாட்சி உண்டு. கே.என்.அனந்தபத்மநாபன். கேரளத்தின் லெக் ஸ்பின்னர். 1988ல் தொடங்கிப் பதினாறு ஆண்டுபோல முதல்தர ஆட்டங்களில் வீசி 344 விக்கெட் எடுத்தார். இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. எதிரே கும்ப்ளே என்ற மலை. பின்னாளில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, சர்வதேச ஆட்டங்களில் நடுவராக நின்று மற்றவர்கள் வீசுவதை எண்ணினார்.

ஒருவருக்குப் பதினேழு வயதிலேயே எல்லாம் கிடைத்தது. மற்றவருக்கு முப்பத்தைந்து வயதுவரை காத்திருந்தும் எதுவும் கிடைக்கவில்லை. மலையாள ரசிகர் அனந்தபத்மநாபனைச் சொல்லி ஆதங்கப்படும்போது, தமிழ் ரசிகர் சிவாவைச் சொல்லிப் பதில் கொடுப்பார். எது பெரிய அநியாயம் என்ற இந்த வாதத்தில் மட்டும் மேலே சொன்ன இரண்டு கட்சிகளும் ஒன்றாகிவிடுகின்றன. பையனைக் கெட்டவன் என்று சொன்னவர்கூட மலையாளி எதிரே உட்கார்ந்தால் சிவாவுக்கு வக்கீலாகிவிடுவார். சொந்தப் பிள்ளையை வீட்டுக்குள் திட்டலாம், வாசலில் விட்டுக்கொடுக்க முடியாது. (2025ல் கேரளம் முதல் முறையாக ரஞ்சி இறுதி ஆட்டத்துக்குப் போனபோது, இந்த வீடுகளிலேயே சில இளைஞர்கள் கேரளத்துக்காகக் கைதட்டினார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலைமுறை மாறுகிறது.)

2000க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சிவராமகிருஷ்ணன் ஒரு குரல்தான். அந்த ஆண்டு வாக்கில் வர்ணனைக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் மைக் பிடித்தார். 2013ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் குழுவில் வீரர்களின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்தத் தேர்தல் நடந்த விதம் சர்ச்சையானது. வர்ணனையிலும் அவருக்கு ரசிகர்களைவிடக் குறை சொல்பவர்கள் குறைவில்லை. சமூக வலைத்தளங்களில் அவரைக் கிண்டல் செய்தவர்களில் பலருக்கு அவர் 1984ல் என்ன செய்தார் என்பதே தெரியாது.

2021 நவம்பரில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் அணியில் நடந்த இன வேற்றுமை பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சிவராமகிருஷ்ணன் ட்விட்டரில் இரண்டு வரி எழுதினார். வாழ்நாள் முழுவதும் தன் நிறத்துக்காக வேற்றுமைக்கும் விமர்சனத்துக்கும் ஆளானதாகவும், அது நடந்தது சொந்த நாட்டிலேயே என்றும், இப்போது அது தன்னைப் பாதிப்பதில்லை என்றும் அதன் சாரம். 2017ல் அபினவ் முகுந்தும் நிறம் பற்றித் தான் கேட்ட வசவுகளை வெளிப்படையாக எழுதியிருந்தார். அவர் எழுதியபோது வயது 27. சிவா எழுதியபோது 55.

அதுவரை இந்த ஊர் ரசிகர்களின் இரண்டு கட்சியிலும் இந்த விஷயம் ஒரு வாதமாகக்கூட வந்ததில்லை. சதி நடந்தது என்றவர்கள் டெல்லி, பம்பாய் என்று ஊர்ப் பெயர் சொன்னார்கள். கெட்டுப்போனான் என்றவர்கள் பழக்கவழக்கம் சொன்னார்கள். பதினேழு வயதில், வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி, மொழி தெரியாத பெரியவர்கள் நிறைந்த உடை மாற்றும் அறையில், ஒரு கறுத்த மெலிந்த பையன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று யாரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் இந்த எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்த அனுபவம். பாலக்காட்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், மலையாளம் சரியாக வராமல், வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். சிவாவை 'நம்ம ஆள்' என்று சொன்னவர்களும் அவரை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் தெரிந்த பையனுக்குக் கஷ்டம் இருக்க முடியாது என்று நினைத்தார்கள்.

நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதால்தான் பந்து தவறியது என்று அவரே சொன்னதில்லை; நாமும் சொல்ல வேண்டாம். காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டிங் படித்துக்கொண்டதும், மணிக்கட்டைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாததும், பத்தொன்பது வயதும் சேர்ந்தே ஒரு பந்தைத் தடம் மாற்றியிருக்கலாம். ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட், சராசரி 44 என்று புள்ளிவிவரப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கிறது அது.

இப்போது அந்த மெல்போர்ன் ஆட்டத்தைக் கைபேசியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படம் மங்கல், நிறம் கலங்கியிருக்கிறது. சிவா நாலடி ஓடி வந்து வீசுகிறார். மியாந்தாத் இறங்குகிறார். பந்து அவரைத் தாண்டி விஸ்வநாத்தின் கைக்குள் போகிறது. பெயில் விழுந்ததும் கீப்பர் துள்ளிக் குதிக்கிறார். அவரும் அந்த ஆண்டு மூன்றே டெஸ்டுகள் ஆடினார். அதன் பிறகு ஆடவில்லை.